நிலைப்படிக்கு உள்ளே இருந்த பிளக்

அந்த வீட்டார் உன்னைத் தண்ணீர் தெளித்துக் கொன்றார்கள்.

இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத என் கை நகரும். உனக்கு இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். விதி என்றார்கள் வக்கீல் வீட்டில். கரண்டு அடித்துவிட்டது என்றார்கள் நம் சந்தில். நான் மின்சாரச் சாமான் கடையில் பிழைக்கிறவன். கரண்டு யாரையும் தேடிக்கொண்டு போய் அடிப்பதில்லை. வழி விட்டால் வரும். அந்த வழியை அவர்கள் சொம்பில் மொண்டு தெளித்தார்கள்.

முந்தாநாள் காலை லஸ் முனையில் உள்ள எங்கள் கடைக்கு ஒரு பிஸ்கட் டின் வந்தது. கொண்டுவந்தவர் அந்த வீட்டுச் சமையற்காரர். "ஓடமாட்டேங்கறது. பார்த்துத் தரச் சொன்னார்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். மூடியைத் திறந்தேன். உள்ளே இருப்பது என்ன என்று கண் பார்ப்பதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தையல் மெஷின் எண்ணெய். ஈரத்தில் ஊறிக் காய்ந்த முடி. இரண்டுக்கும் அடியில், கோயில் பிரகாரத்தில் வருமே, அந்த மஞ்சள் வாசனை.

டின்னைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். முதலாளி பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாப்பா, டப்பாவுல பாம்பா கீது?"

"அந்த மெஷின் பாய்."

அவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, "வாணாம்னா திருப்பி அனுப்பிடு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றார்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மெஷின் ஓட ஆரம்பித்தால் அதைத் துடைக்கப் போவது யார் என்று நான் சந்தில் முன்னமே கேள்விப்பட்டிருந்தேன். உன் அம்மா. அவளைத்தான் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ நின்ற அதே கல்லில், வெறுங்காலோடு.

அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தச் சவர மெஷின் முதலில் வந்தபோது உனக்கும் பயம்தான், ஆனால் அது வேறு பயம். யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பல் ஏறிய துரை ஒருவர், பழகின தோஷத்துக்கு வக்கீலுக்குக் கொடுத்துவிட்டுப் போன சாமான் அது. ஸ்விட்சுக்கு வருகிற கறுப்பு பேக்கலைட் உடம்பு, பாதி தேய்ந்த சோப்புக் கட்டி அளவு. தலையில் சீப்புப் பல் போல மெல்லிய கோடுகள் வெட்டிய எஃகுத் தகடு. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதைக் கட்டைவிரலால் உருட்டிவிட்டால் உர்ரென்று பிடித்துக்கொள்ளும். சோப்பும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், நீயும் வேண்டாம். இனி வரவேண்டாம் என்று வக்கீல் உன்னிடம் சிரித்த முகமாகத்தான் சொன்னார். நீ சாந்தோம் கடற்கரையில் வந்து உட்கார்ந்து, அவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நீங்கள் குடியிருந்த அறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். வேலை போனால் அறை போகும். அறை போனால் அம்மாவை எங்கே உட்கார வைப்பது?

பிறகு ஒரு நாள் அதே மணலில் வந்து பொத்தென்று விழுந்தாய். சிரிப்பில் உனக்குப் பேச்சு வரவில்லை.

"நைனா, வக்கீலுக்கு இப்போ யாரு சவரம் பண்றது?"

"மெஷின்."

"அந்த மிசினுக்கு?"

"மெஷினுக்கு என்னடா?"

"நானு! அதுக்கு ஆயா வேல குட்த்துக்கிறாங்க எனக்கு. மூஞ்ச தொடச்சி, வாய்க்குள்ள விரல வுட்டு முடி எடுத்து, எண்ண தடவி தூங்க வெக்கணும்."

அந்த வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்காத ஒன்று நடந்திருந்தது. நீ கத்தியால் மழித்த காலத்தில் முடி கிணற்றடியில் விழும், நீயே கூட்டி அள்ளிக்கொண்டு போவாய், அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போவார். தீட்டு அங்கேயே முடிந்துவிடும். மெஷின் முடியைக் கீழே போடவில்லை. தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. சில நாளில் அடைத்துக்கொண்டு, வெட்டுவதற்குப் பதிலாகத் தாடையில் முடியைப் பிடித்து இழுத்தது. தலைத் தகட்டைக் கழற்றித் தட்டினால் போதும். ஆனால் வெட்டிய முடியைத் தொட அந்த வீட்டில் ஒருவர் கையும் நீளவில்லை. முடி யாருடையது? வக்கீலுடையது. அவர் கன்னத்தில் இருந்தவரை அது சுத்தம்தான்.

எங்கள் கடையில் மோட்டாரின் கரித்தூசி தட்ட வைத்திருந்த சின்னப் பிரஷ் ஒன்றை உனக்குக் கொடுத்தேன். அதைக் காதில் பென்சில் மாதிரி செருகிக்கொண்டு, "டாக்டரு வந்துட்டாரு, வழி வுடு" என்று சந்தில் நடந்து காட்டினாய். பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். உன் அம்மாகூடச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். மழை தொடங்கிய பிறகுதான். ஒரு சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று கையை நீட்டினாய்.

"தொட்டுப் பாரேன். இன்னும் மதமதன்னு கீது."

"என்ன ஆச்சு?"

"மிசின எடுத்தா, கைமேல தேளு ஊர்ற மாதிரி கீது. இன்னும் கொட்டல. ஊர்துடா."

"பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானே தொடறே?"

"பிளக்கு எங்க கீது? நிலைப்படிக்கு உள்ள, கூடத்துச் சொவத்துல. நான் எங்க கீறேன்? கெணத்தாண்ட. அப்புறம் இன்னா கேள்வி கேக்கற?"

"யாரையாவது பிடுங்கச் சொல்லு."

"சொன்னேனே. வீட்டம்மா மடியா கீறாங்களாம். ஐயா பூசைல கீறாராம். பிளக்கு சும்மாத்தான் கீது, அது பாட்டுக்கு இருக்கட்டுன்னாங்க."

"அப்ப நீ போகாதே."

நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற அலுப்புத்தான் இருந்தது. "போவலன்னா ரூம்ப காலி பண்ணுன்னுவாங்க. இந்த ஊர்ல இப்போ எலி வளைகூட காலியில்ல நைனா. மாம்பலத்துல மாட்டுக் கொட்டாய்க்கே ஆளு க்யூல நிக்கறான்."

மறுநாள் காலை உன்னோடு நானும் வந்தேன். அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டேன். கொல்லைத் தாழ்வாரத்தில் வக்கீலின் தேக்கு நாற்காலி. அதன் கால்மாட்டில் ஒரு மரப்பலகை. அதன்மேல் மரப் பாதக்குறடு போட்ட கால்களை வைத்துக்கொண்டு அவர் சவரம் செய்துகொள்வார். கூடத்துச் சுவரிலிருந்து நீளமான ஒயர் ஒன்று நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தது. நீ உள்ளே வராமல் இருப்பதற்காகவே ஒயரை அவ்வளவு நீளம் வாங்கிப் போட்டிருந்தார்கள். தாழ்வாரத்துக்குக் கீழே, எப்போதும் ஈரமாக இருக்கும் கருங்கல்லில் நீ நின்றாய். மெஷினை யாரும் உன் கையில் தரவில்லை. கல்லில் வைத்தார்கள். நீ குனிந்து எடுத்தாய்.

வக்கீலின் மனைவி, மாமி, நிலைப்படியில் வந்து நின்று, "கூட யாருடா அது?" என்றாள்.

"கரண்டு கடை ஆளுமா."

"அவன் வரட்டும். நீ அங்கேயே நில்லு."

நான் படி தாண்டி உள்ளே போனேன். பிளக் இறுகிப் போயிருந்தது, தொட்டால் வெதுவெதுப்பு. பிடுங்கினேன். நீலமாக ஒரு பொறி படபடவென்று வெடித்து அணைந்தது. மாமி பின்னால் துள்ளினாள்.

"பாத்தியா! இதுக்குத்தான் நாங்க அதைத் தொடறதே இல்லை. ஒரு நாள் இவர் பிடுங்கப் போய் பொறி பறந்து, அன்னிக்கெல்லாம் மனுஷர் சாப்பிடவே இல்லை."

"தினம் அவன் துடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பிடுங்கியாகணும் மாமி. இல்லேன்னா ஆபத்து."

"யாரு பிடுங்கறது? அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிண்டிருப்பார். நான் அடுப்படியில இருப்பேன்."

"அவனே வந்து பிடுங்கிட்டுப் போகட்டுமே."

அவள் கோபித்திருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். அவள் சிரித்தாள். குழந்தை ஏதோ உளறிவிட்டதைக் கேட்ட சிரிப்பு. "ஆத்துக்குள்ளயா?" என்றாள்.

நீ துடைத்து முடித்து மெஷினைக் கல்லில் வைத்தாய். அப்போதுதான் அந்தச் சொம்பைப் பார்த்தேன். மஞ்சள் கரைத்த தண்ணீர். மாவிலையை அதில் தோய்த்து மெஷின்மேல் உதறினாள். தகட்டின் கோடுகளுக்குள் நீர் இறங்கியது.

"ஐயோ, தண்ணி விடாதீங்க மாமி! கரண்டு சாமான்!"

"ரெண்டு சொட்டுடாப்பா. இவன் தொட்டதை அப்படியே உள்ள எடுத்துண்டு போக முடியுமா? தினமும்தான் தெளிக்கறேன், என்ன ஆயிடுத்து?"

வக்கீலிடமும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீ சொல்றது வாஸ்தவம்தான். மெதுவா சொல்லிப் பார்க்கறேன்" என்றார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறவர்களின் வீட்டில்தான் ஒன்றும் மாறுவதில்லை.

திரும்பி வரும்போது கபாலி கோயில் குளக்கரை வரை நீ மாமி துள்ளியதை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாய். பிறகு நின்று என் பக்கம் திரும்பினாய்.

"உன்ன உள்ள வுட்டாங்கடா."

நான் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தேன்.

"அஞ்சாங்கிளாசுல என் சிலேட்ட பாத்துதான நீ கணக்கு எழுதுன?"

ஆமாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் சாதிக்குக் கூடம் வரை வழி உண்டு. உன் சாதிக்குக் கிணற்றடி வரைதான். அந்த வீட்டுக் குழந்தைகள் பிறந்ததும் முதலில் விழுந்தது உன் அம்மாவின் கைகளில். பிரசவத்துக்குக் கொல்லைப்புற அறைக்குள் அவளை அவசரம் அவசரமாகக் கூப்பிட்டதும் அதே வீட்டு வாய்கள்தான். அந்தக் கைகள் ஒரு பிளக்கைத் தொடக் கூடாது.

நீ செத்த அன்றைக்கு நடந்ததை நான் பார்க்கவில்லை. பலர் சொல்லிச் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீ துடைத்து வைத்தாய், மாமி தெளித்தாள், நீ கொல்லைக் கதவைத் தாண்டிவிட்டாய். வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தை உருட்டினார். ஓடவில்லை. திரும்பத் திரும்ப உருட்டினார்; காலடியில் மரம் இருந்ததால் அவரைக் கரண்டு ஒன்றும் செய்யவில்லை. பிறகு உன்னைக் கூப்பிட்டார். "ஏண்டா, என்ன பண்ணித் தொலைச்சே? ஓட்டிக் காமி." மெஷினை ஈரக் கல்லில் வைத்தார். ஒயர் நிலைப்படியைத் தாண்டிக் கிடந்தது. நீ குனிந்து எடுத்தாய்.

அதன்பிறகு உன் கை அதை விடவில்லை.

உன் அம்மா கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். உன்னைப் பிடிக்கப் போனாள். "தொடாதே! அவனைத் தொடாதே!" என்று மாமி அலறினாளாம். உங்களைப் பார்த்து அந்த வாய் எத்தனை தடவை சொன்ன வார்த்தை. அன்று அதே வார்த்தை உன் அம்மாவின் உயிரைக் காப்பாற்றியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சமையற்காரர்தான் வாசலுக்கு ஓடி மெயினை அணைத்தார்.

நான் வந்தபோது நீ கல்லில் மல்லாந்து கிடந்தாய். கரண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். மெயின் அணைந்திருந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஆனாலும் உன்னைத் தூக்கக் குனிந்தபோது என் விரல்கள் உன் தோளுக்கு முன்னால் நின்றுவிட்டன. அந்தப் பயம்தான் இன்று வரை என்னை விடாமல் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சையும் தொடும் முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன். பாய் கேலி செய்கிறார், "கரண்டு கடைல குந்திகினு கரண்டுக்கு சலாம் போடறியே" என்று. வேலை செய்யும்போது காலுக்கடியில் பலகை வைத்துக்கொள்கிறேன், வக்கீலைப் போல.

வக்கீல் அன்று தெருமுனை வரை என் பின்னால் வந்தார். மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "பிளக் வரைக்கும் கை போச்சுடா. சத்தியமா போச்சு. அதைத் தொட மாத்திரம் கை வரலை. பயமா இருந்தது" என்றார். நான் நம்பினேன். அவருக்குப் பயம், மாமிக்குப் பயம், வீடு முழுக்க அந்தப் பிளக்கைக் கண்டால் பயம். அத்தனை பயத்தையும் நீளமான ஒரு ஒயரில் கட்டிக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, உன்னைக் குனிந்து எடுக்கச் சொன்னார்கள்.

மெஷினைத் திறந்தேன், முந்தாநாள். தலைத் தகட்டுக்குக் கீழே நரைத்த முடி மாவு மாதிரி அடைத்துக் கிடந்தது. திருகாணிகளில் பச்சைக் களிம்பு. மோட்டார் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றிய துணி மஞ்சளாக ஊறிப் போயிருந்தது, கல்யாண வீட்டு நூல் போல. உன் பிரஷ்ஷால்தான் தட்டினேன். அதை அன்று உன் மடியிலிருந்து நான் எடுத்து வைத்திருந்தேன். முடியைத் தட்டி, தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, காயிலை வெயிலில் காய வைத்து, வெட்டும் பல்லுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டேன். இடையிடையே சுத்தியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். உடைத்தால்? இன்னொன்று வாங்குவார்கள். துரைகள் போகிற அவசரத்தில் மவுண்ட் ரோடு ஏலக் கடைகளில் இதெல்லாம் குவிந்து கிடக்கிறது. மெஷின் மாறும். கல் அதே கல்தான்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிசினு சரியாயிடுச்சா கண்ணு?"

"நீ ஏம்மா ஒத்துக்கினே?"

"ஒத்துக்காம? ஐயா நல்லபடியாத்தான் சொன்னாரு. ஒரு நிமிசத்து வேல. தொடச்சி வெச்சிட்டு வந்துடுவேன்."

"அவன் செத்த கல்லு மேலயாம்மா நிப்பே?"

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேற கல்லு அங்க இல்லியே கண்ணு" என்றாள்.

இன்று சாயங்காலம் மெஷினை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கொல்லை வழியாகத்தான் போனேன்; கூடம் வழியாகப் போக எனக்கு உள்ள வழியை இனி நான் உபயோகிக்கப் போவதில்லை. வக்கீல் நாற்காலியில் இருந்தார். அவர் முகத்தில் வளர்ந்து கிடந்த நரைத் தாடியைப் பார்த்தபோது எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. உன் அம்மா கிணற்றடியில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். மாமி நிலைப்படியில் சொம்போடு நின்றாள். ஒயர் அதன் இடத்தில் கிடந்தது. பிளக் சுவரில் இருந்தது.

மெஷினை நான் கல்லில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டேன். மறு கையில் உன் பிரஷ்ஷை வக்கீலிடம் நீட்டினேன். கோபமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பயந்துகொண்டேதான் கேட்டேன். ஆனால் கேட்டுவிட்டேன்.

வக்கீல் பிரஷ்ஷைப் பார்த்தார். பிறகு நிலைப்படியைப் பார்த்தார். மாமி சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. உன் அம்மா மட்டும், "வுடு கண்ணு, வுட்ரு" என்று முனகினாள். மாடு ஒரு தடவை கத்தியது. நீட்டிய என் கை வலிக்க ஆரம்பிக்கும் வரை நின்றுவிட்டு, மெஷினோடு திரும்பி வந்தேன். வைத்துவிட்டுப் போ என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது மெஷின் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பிரஷ் சட்டைப் பையில். அறையைக் காலி பண்ணச் சொல்லி நாளை ஆள் வரலாம். வந்தால் உன் அம்மாவை எங்கே உட்கார வைப்பேன் என்று எனக்கும் தெரியாது. ஆனால் காலையில் கடைக்குப் போகும் முன் அந்தக் கொல்லைக்குப் போவேன். மறுநாளும் போவேன். இன்று கேட்டதையே கேட்பேன்.

"இவங்களை உள்ள விடுங்க சார், பிளக்கை இவங்க கையாலயே பிடுங்கட்டும். முடியாதுன்னா இந்தாங்க பிரஷ், உங்க முடியை நீங்களே துடைங்க. வாங்குங்க சார். கையை நீட்டுங்க."